ஜிபிஎஸ் சொல்வதையெல்லாம் நம்பாத கடிகாரம்: மண்டபத்து மொட்டைமாடியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல் மறைப்பே இல்லாத வானம். ஜிபிஎஸ் ஆன்டெனா வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்றுதான் நினைத்தேன். நினைப்பு பாதிதான் சரி. பகலெல்லாம் சமர்த்தாக இருந்த என் கடிகாரம், புரட்டாசியில் ராத்திரி எட்டு மணியானால் ஆட ஆரம்பித்தது. நள்ளிரவில் தானாக அடங்கியது. சால்டரிங்கைச் சந்தேகப்பட்டேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரைக்கூட விடவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அந்தக் கதை 6-ஆம் படியில் வரும்.

இங்கே கட்டப்போவது ஜிபிஎஸ் வழிநடத்தும் 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், அதாவது வினாடிக்கு ஒரு கோடி தடவை துடிக்கும் கடிகாரம். ஹாம் ரேடியோக்காரர்களுக்கு அதிர்வெண் அளவுகோலாகப் பயன்படும். மின்தொடரமைப்பில் மின்னழுத்தத்தின் கோணத்தை அளக்கும் கருவிகளுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் இதன் பெரிய அண்ணன்கள்தான் நேரம் சொல்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்தொடரமைப்பில் 1 மைக்ரோவினாடி பிசகினால் கோணம் 0.018 டிகிரி பிசகும். 5ஜி கோபுரங்களில் பொதுவாக 1.5 மைக்ரோவினாடிக்குள் நேரம் நிற்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதத் தெரியும், சால்டரிங் இரும்பு பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சுக்கான் பிடிக்கும் கணக்கு

அடுப்பு என்று சொல்லும் சூடேற்றிய பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கிரிஸ்டல் ஆசிலேட்டரை ஓசிஎக்ஸ்ஓ என்பார்கள். ஒரு வினாடி, பத்து வினாடி அளவில் அது பாறை மாதிரி நிற்கும். ஆனால் நாள்கணக்கில் பார்த்தால் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். ஜிபிஎஸ் நேர் எதிர். அது வினாடிக்கு ஒரு தடவை தரும் பல்ஸ் ஒவ்வொன்றும் பத்து இருபது நானோவினாடி முன்னே பின்னே வரும்; ஆனால் ஒரு வாரம் கழித்தும் அந்தப் பிசகு அதே பத்து இருபதுதான். குறுகிய காலத்துக்குக் கிரிஸ்டலையும் நீண்ட காலத்துக்குச் செயற்கைக்கோளையும் நம்புவதுதான் இதன் அடிப்படை.

எங்கள் தெருவில் விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் இதை விளக்க முயன்றேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். “தம்பி, அலைக்கு அலை சுக்கானத் திருப்புனா கரை போய்ச் சேர மாட்ட. நீவாடு எங்கிட்டு இழுக்குதுன்னு பாரு, அதுக்கு மட்டும் புடிச்சுக் குடு.” பல்ஸின் நடுக்கம் அலை, கிரிஸ்டலின் நகர்வு நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம். இரண்டையும் பிரித்தறிவதுதான் முழு வேலையும்.

பிழை இரண்டு மடங்கானால் திருத்தமும் இரண்டு மடங்கு, எப்போதும், எந்த நிலையிலும்: இது நேரியல் கட்டுப்பாடு. பாடப்புத்தகம் இதில்தான் தொடங்கும், பெரும்பாலும் இதிலேயே முடிந்தும் விடும். நிஜத்தில் பிழை திடீரென்று நூறு மடங்கானால் திருத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த அளவே பொய்யாக இருக்கலாம். நிரல் சொல்லும் எண்ணை வோல்ட்டாக மாற்றும் டிஏசி ஓர் எல்லைக்கு மேல் போகாது. அடுப்பு சூடேற்றும், குளிர்விக்காது. இப்படி நேர்கோட்டில் அடங்காதவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் நேரிலாக் கட்டுப்பாடு. பெயர்தான் மிரட்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ‘எப்போது கை வைக்கக்கூடாது’ என்ற விதிகள்தான்.

படி 1: பொருட்களும் ஆன்டெனாவும்

பழைய கருவிகளிலிருந்து கழற்றிய 10 மெகாஹெர்ட்ஸ் ஓசிஎக்ஸ்ஓ ஒன்று போதும். புதிதைவிடப் பல வருடம் ஓடிய பழசே நல்லது. கிரிஸ்டலின் நகர்வு வயதாக ஆகக் குறையும். அதிர்வெண்ணைத் திருத்த ஒரு மின்னழுத்தக் கால் இருக்கும். என்னுடையது 0 முதல் 5 வோல்ட் வரை கொடுத்தால் அதிர்வெண் மொத்தம் 8×10⁻⁷ பங்கு நகரும், அதாவது 8 ஹெர்ட்ஸ். அப்புறம் 16 பிட் டிஏசி, மைக்ரோகன்ட்ரோலர், நேரத்துக்கென்றே செய்த ஜிபிஎஸ் ரிசீவர். சாதாரண ரிசீவர் வேண்டாம். நேர ரிசீவரில்தான் ஆன்டெனா இருக்கும் இடத்தைப் பல மணி நேரம் அளந்து பூட்டிவிட முடியும். அதன் பிறகு அது எல்லாச் செயற்கைக்கோளையும் நேரம் கணக்கிட மட்டுமே செலவிடும்.

ஆன்டெனாவை மாடியில் உயரமாக வையுங்கள், அடியில் ஓர் உலோகத் தட்டு இருக்கட்டும். கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நீர்ப்பரப்பு ரேடியோ அலையைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். அடிவானத்தை ஒட்டி நிற்கும் செயற்கைக்கோளின் அலை நேராக ஒருமுறை, கடலில் பட்டு ஒருமுறை என்று இரண்டாக வந்து சேரும். அதனால் 15 டிகிரிக்குக் கீழே இருப்பவற்றை ரிசீவரில் ஒதுக்கிவிடுங்கள். கேபிள் நீளத்தையும் மறக்கக்கூடாது: ஆர்ஜி-58 கேபிளில் மீட்டருக்கு 5 நானோவினாடி தாமதம், 20 மீட்டருக்கு 100.

கனெக்டர் மேல் சுயமாக ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் இங்கே ஒரு கோடையைத் தாங்காது. உப்புக்காற்று உள்ளே போய் ஆறு மாதத்தில் களிம்பு பிடித்துவிடும். அதனால் பட்டதை 7-ஆம் படியில் சொல்கிறேன்.

படி 2: நானோவினாடியை அளப்பது

மலிவாகச் செய்ய ஒரு நல்ல வழி உண்டு. 10 மெகாஹெர்ட்ஸைப் பத்தால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஜிபிஎஸ் பல்ஸ் வந்ததும் 74எச்சி4046 சிப்பின் ஃபேஸ் டிடெக்டர் திறக்கும், அடுத்த 1 மெகாஹெர்ட்ஸ் விளிம்பில் மூடும். திறந்திருக்கும் நேரத்தில் 3.9 கிலோஓம் வழியாக 1 நானோஃபாரட் கேபாசிட்டர் ஒன்று நிரம்பும். அதில் ஏறிய வோல்ட்டை மைக்ரோகன்ட்ரோலர் படித்தால் நேரம் தெரிந்துவிடும்.

முதல் நேரிலாச் சிக்கல் இங்கேயே வந்துவிடுகிறது. கேபாசிட்டர் நேர்கோட்டில் நிரம்பாது. 5 வோல்ட் கொடுத்தால் தொடக்கத்தில் நானோவினாடிக்கு 1.28 மில்லிவோல்ட் ஏறும். 1000 நானோவினாடி முடிவில் 0.99 மட்டும்தான். ஏறக்குறைய கால்வாசி வித்தியாசம். இதை நேராக்காமல் விட்டால், ஒரே பிழைக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு திருத்தம் போகும். ஆசிலேட்டரை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி ஓடவிட்டு, ஒரே சீராக நகரும் நேரத்தை இந்தச் சுற்று எப்படிக் காட்டுகிறது என்று ஆயிரம் புள்ளிகள் எடுங்கள். அதில் ஓர் இருபடி வளைவைப் பொருத்தித் தலைகீழாக்கி நிரலில் வைத்தால் போதும்.

1 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை அளவு சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்பதையும் பாருங்கள். 998-க்கு அடுத்து 3 வந்தால் அது 995 பின்னோக்கிய தாவல் ஆகாது, 5 முன்னோக்கிய நகர்வு. மைக்ரோகன்ட்ரோலர் டைமரின் முரட்டு எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்து இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். அளவின் நடுவில், 500 பக்கத்தில், இலக்கை வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போச்சு.

அடுத்தது ரம்பப்பல் பிழை. ரிசீவர் தன் சொந்தக் கடிகாரத்தின் விளிம்பில்தான் பல்ஸை வெளியிட முடியும். உள்ளே 48 மெகாஹெர்ட்ஸ் ஓடினால் விளிம்புக்கு விளிம்பு 20.8 நானோவினாடி, ஆகவே பல்ஸ் 10.4 வரை முன்னே பின்னே போகும். வரைபடத்தில் இது ரம்பத்தின் பல் போலத் தெரியும். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தால் சராசரியில் கரைந்துவிடும். ஆனால் ரிசீவர் கடிகாரம் சரியான தாளத்துக்கு வந்து நின்றுவிட்டால் நிமிடக்கணக்கில் பல் ஒரே பக்கம் தங்கிவிடும். அந்த வரைபடத்தைத் தொங்குபாலம் என்பார்கள். பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பெயர் பிடித்தது, பிழை பிடிக்கவில்லை. எந்தச் சராசரியும் இதைக் கரைக்காது. நல்ல நேர ரிசீவர்கள் அடுத்த பல்ஸ் எத்தனை பிகோவினாடி பிசகி வரும் என்று முன்கூட்டியே செய்தி அனுப்பும். யூபுளாக்ஸ் ரிசீவர்களில் அது ‘டிம்-டிபி’ என்ற செய்தி. அது வரப்போகும் பல்ஸுக்கானது, வந்துபோன பல்ஸுக்கு அல்ல. அதைக் கழிக்கும்போது வரைபடம் அமைதியாகாமல் இரண்டு மடங்கு ஆடினால் கூட்டல் கழித்தல் குறி மாறிப்போச்சு என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் ஆனது.

படி 3: சூடேறும்வரை தொடாதீர்கள்

மின்சாரம் கொடுத்ததும் ஓசிஎக்ஸ்ஓ அதிகக் கரண்ட் இழுக்கும், கொஞ்ச நேரத்தில் குறையும். அந்தக் கரண்ட் நிலையாகும்வரை லூப்பை, அதாவது பிழையை அளந்து திருத்திக்கொண்டே இருக்கும் சுற்றை, மூடவே கூடாது. கடைசியாகச் சேமித்த டிஏசி எண்ணைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அரை மணி நேரம் நல்லது.

பெட்டி விஷயத்தில் நான் செய்த கூத்து ஒன்று. ஆனி ஆடியில் கச்சான் காற்று ஜன்னல் வழியே அடிக்கும்போதெல்லாம் வரைபடம் துள்ளியது. மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, ஆசிலேட்டரை உள்ளே வைத்து, மூடி ஒட்டிவிட்டேன். (வாடை இன்னும் போகவில்லை.) காற்றின் தொல்லை நின்றது. ஆனால் மதியத்தில் அதிர்வெண் ஒரேயடியாக நகர்ந்தது. உள்ளே இருக்கும் அடுப்பால் சூடேற்றத்தான் முடியும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் அடுப்பு பூஜ்யத்துக்கு வந்து நிற்கும், அதற்குமேல் கட்டுப்பாடே கிடையாது. மூடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டதும் சரியானது. காற்று நேராகப் படக்கூடாது, வெப்பம் கசிய வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: முதலில் வேகம், பிறகு நேரம்

சூடேறியதும் நேரத்தைச் சரிசெய்யப் பாய்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உங்கள் வினாடிப் பல்ஸ் ஜிபிஎஸ் பல்ஸிலிருந்து 0.3 வினாடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஆசிலேட்டரை 10⁻⁷ அளவு வேகமாக ஓட்டி அதைப் பிடிக்க 30 லட்சம் வினாடி ஆகும், அதாவது 35 நாள்.

அதனால் வரிசை இது. 100 வினாடி இடைவெளியில் நேரப்பிழை எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். அந்தச் சாய்வுதான் அதிர்வெண் பிழை. அதை ஒரே அடியில் டிஏசியில் கழித்துவிடுங்கள். இரண்டு மூன்று சுற்றில் வேகம் 10⁻¹⁰ பக்கம் வந்துவிடும். அதன் பிறகு ஆசிலேட்டரைத் தொடாமல், வகுக்கும் எண்ணியை மட்டும் பூஜ்யமாக்கி ஜிபிஎஸ் பல்ஸோடு சேர்த்து வையுங்கள். மீதி சில நூறு நானோவினாடிதான் இருக்கும், லூப் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் டிஏசி கூடும்போது அதிர்வெண் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். இரண்டு வகை ஓசிஎக்ஸ்ஓவும் உண்டு. ஐந்து இடங்களில் நிறுத்தி, வோல்ட்டுக்கு எத்தனை நகர்வு என்று அட்டவணையும் போடுங்கள். என் ஓசிஎக்ஸ்ஓவில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம் இருந்தது. திருத்தத்தை இந்த அட்டவணையால் வகுத்து அனுப்பினால் லூப் எங்கே நின்றாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

படி 5: லூப்பும் அதன் கால அளவும்

நடுவில் இருக்கும் கணக்கு எளியது:

திருத்தம் = அ × நேரப்பிழை + ஆ × நேரப்பிழைகளின் கூட்டுத்தொகை

ஒரு பிழையைத் திருத்த லூப் எடுத்துக்கொள்ளும் கால அளவை டி வினாடி என்று வைத்தால் அ = 2 ÷ டி, ஆ = 1 ÷ டி². இப்படி வைத்தால் லூப் ஊஞ்சலாடாமல் வந்து அடங்கும். டி 500 என்றால் அ 0.004. நேரப்பிழை 100 நானோவினாடி இருந்தால் திருத்தம் 4×10⁻¹⁰. என் டிஏசியில் ஒரு படி 1.2×10⁻¹¹, ஆகவே 33 படி. எதிர்த்திசையில் போட வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டி எவ்வளவு? பல்ஸின் நடுக்கம் 10 நானோவினாடி என்றால் 1 வினாடியில் அது 10⁻⁸, 1000 வினாடியில் 10⁻¹¹. ஆசிலேட்டர் தனியாக ஓடும்போது 1000 வினாடிக்கு எவ்வளவு அலைகிறது? அதுவும் 10⁻¹¹ என்றால் இரண்டும் சந்திக்கும் இடம் அதுதான், அங்கேதான் டி. அதைவிடச் சின்னதாக வைத்தால் நல்ல கிரிஸ்டலை ஜிபிஎஸ் நடுக்கத்தால் கெடுக்கிறீர்கள். பெரிதாக வைத்தால் கச்சான் காற்று ஜெயிக்கும்.

ஆனால் முதல் நிமிடத்திலேயே 1000 வைத்தால் லூப் அடங்க மணிக்கணக்கில் ஆகும். அதனால் டி 30-இல் தொடங்கி 100, 300, 1000 என்று ஏற்றுங்கள். பிழை அந்தந்த டி அளவு நேரத்துக்கு 50 நானோவினாடிக்குள் அடங்கி இருந்தால் ஏறலாம், 200-ஐத் தாண்டினால் ஒரு படி இறங்கலாம். ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் ஒன்றாக இருந்தால் லூப் கியர் மாற்றிக்கொண்டே இருக்கும். டி மாறும் தருணத்தில் கூட்டுத்தொகைப் பகுதியை அழிக்காதீர்கள், ‘ஆ’வால் பெருக்கிய மதிப்பாகவே சேமித்து வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றத்திலும் 10 மெகாஹெர்ட்ஸ் ஒரு குதி குதிக்கும்.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பிழை இருந்தால் திருத்தவே வேண்டாம் என்று ஒரு சும்மா இருக்கும் பட்டை வைக்கத் தோன்றும். நானும் வைத்தேன். ஆசிலேட்டர் அந்தப் பட்டையின் இரண்டு சுவருக்கும் இடையே பந்து மாதிரி போய்வந்து கொண்டிருந்தது. கியர் மாற்றமே போதும், பட்டை வேண்டாம் என்பது என் கட்சி.

படி 6: எந்த அளவை நம்புவது

முழு வழிகாட்டியிலும் நான் அதிக நேரம் செலவிட்ட இடம் இது.

பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விட்டதற்கு அதுவே காரணம். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்பி மேலே எழும். அவற்றின் வழியே வரும் ஜிபிஎஸ் அலை நட்சத்திரம் மினுக்குவது போல மினுக்கும். சமநாள்களை ஒட்டிய மாதங்களில், அதாவது பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும், சூரியன் கொந்தளிக்கும் வருடங்களில் இது அதிகம். காந்த நடுக்கோட்டிலிருந்து வடக்கே தள்ளி, குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கம் இன்னும் மோசமாக இருக்கும். நமக்கும் பங்கு உண்டு.

என் கடிகாரத்தின் புரட்டாசி ஆட்டத்துக்குக் கடல் பிரதிபலிப்பு காரணமா, அயனி மண்டலமா என்று எப்படிப் பிரித்தேன்? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 11 மணி 58 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகின்றன. அதனால் வானத்தில் அவற்றின் கோலம் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரதிபலிப்புப் பிழை என்றால் அது நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக வர வேண்டும், 15 நாளில் ஒரு மணி நேரம் நகர்ந்திருக்க வேண்டும். என் ஆட்டம் நகரவில்லை. சில ராத்திரி வந்தது, சில ராத்திரி வரவில்லை. வந்தால் மட்டும் எட்டு மணிக்குப் பிறகு. வெப்பநிலை வரைபடமும் அந்த நேரத்தில் அமைதியாக இருந்தது. இந்த 4 நிமிடச் சோதனையை யாரும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது சிகிச்சை. ஒவ்வொரு வினாடியும் நேரப்பிழை இவ்வளவு இருக்கும் என்று முந்தைய நிலையை வைத்து நிரல் ஊகிக்கட்டும். ஊகத்துக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை விலகல் என்போம். கடந்த சில நூறு வினாடி விலகல்களின் குறியை நீக்கி, வரிசைப்படுத்தி, நடு மதிப்பை எடுத்து 1.48-ஆல் பெருக்குங்கள். இது வழக்கமான நடுக்கத்தின் அளவு. சராசரி எடுக்காதீர்கள், ஒரே ஒரு பொய் அளவு சராசரியைக் கெடுத்துவிடும், நடு மதிப்பை அசைக்காது.

விலகல் இந்த அளவின் 3 மடங்குக்குள் இருந்தால் முழுதாக நம்பலாம். 3-க்கும் 10-க்கும் இடையில் வந்தால் 3 மடங்கு என்றே வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். 10-க்கு மேல் போனால் தூக்கி எறிந்துவிட்டு எறிந்த கணக்கை ஒன்று கூட்டுங்கள். இந்தக் கணக்கு மிக முக்கியம். அது இல்லாத நிரல் ஒருநாள் தன் ஊகத்தையே நம்பி, ஜிபிஎஸ் சொல்லும் உண்மை அத்தனையையும் எறிந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து 60 வினாடி ஒரே பக்கமாக எறிந்திருந்தால் தப்பு நம் பக்கம். 4-ஆம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

மினுக்கலுக்கு இன்னொரு தடயம் உண்டு. ரிசீவர் ஒவ்வொரு செயற்கைக்கோளின் சமிக்ஞை பலத்தையும் சொல்லும். ஒன்றின் பலம் தன் ஒரு நிமிடச் சராசரியைவிட 6 டெசிபல் விழுந்தால் அது மினுக்குகிறது என்று கொள்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு மினுக்கினால் ‘அ’, ‘ஆ’ இரண்டின் வலிமையையும் குறைத்து டி-யை இரட்டிப்பாக்குகிறேன். நான்கு மினுக்கினால் சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டு ஆசிலேட்டரைத் தன் போக்கில் விடுகிறேன். ராத்திரி நான்கு மணி நேரத்தை நல்ல ஓசிஎக்ஸ்ஓ தனியாகச் சமாளிக்கும்.

பகல் கதை வேறு. ஜிபிஎஸ்ஸின் எல்1 என்ற ஒரே அலைவரிசையை மட்டும் கேட்கும் ரிசீவர், அயனி மண்டலத் தாமதத்தைச் செயற்கைக்கோள் அனுப்பும் ஒரு மாதிரியை வைத்துத்தான் கழிக்கும். அந்த மாதிரி உள்ளூர் நேரம் மதியம் 2 மணிக்கு உச்சம், ராத்திரியில் நிலையான 5 நானோவினாடி என்று வைத்துக்கொள்கிறது. உண்மையான தாமதத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் நீக்கும். மீதி தினமும் ஏறி இறங்கும். 24 மணி நேர அலையை எந்த ஓசிஎக்ஸ்ஓ லூப்பாலும் வடிகட்ட முடியாது. அதிர்வெண் மட்டும் தேவை என்றால் கவலை வேண்டாம், 6 மணி நேரத்தில் 20 நானோவினாடி என்பது 10⁻¹²-க்குக் கீழேதான் வரும். நேரமே தேவை என்றால் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் கேட்கும் ரிசீவருக்குச் செலவு செய்யுங்கள்.

படி 7: சுவரில் முட்டினால்

ஒரு நாள் ராத்திரி மாடிக் கனெக்டரில் களிம்பு முற்றி சமிக்ஞை அற்றுப்போனது. பல ரிசீவர்கள் செயற்கைக்கோளே தெரியாவிட்டாலும் தன் சொந்தக் கிரிஸ்டலை வைத்துப் பல்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும். எனக்கு அது தெரியாது. உயர்தர ஓசிஎக்ஸ்ஓ, ராத்திரி முழுக்க ஒரு சாதாரணக் கிரிஸ்டலின் பின்னால் ஓடியது. டிஏசி 65,535-இல் போய் முட்டியது. முட்டிய பிறகும் நிரலில் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போனது. காலையில் கனெக்டரைத் தேய்த்து மாட்டினேன். ஜிபிஎஸ் வந்துவிட்டது, பிழை தலைகீழாகத் திரும்பியும் விட்டது, ஆனால் டிஏசி அசையவில்லை. ராத்திரி சேர்த்த கடனைத் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காபி டம்ளரோடு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு விதி. செயற்கைக்கோள் பூட்டு (ரிசீவர் செயற்கைக்கோள்களைப் பிடித்து வைத்திருக்கும் நிலை) இல்லாதபோது பல்ஸை நிறுத்து என்று ரிசீவரை அமையுங்கள். நிரலும் பூட்டுக் கொடியைப் பார்க்காமல் எந்த அளவையும் தொடக்கூடாது. அடுத்து, டிஏசி சுவரைத் தொட்டபின் பிழை இன்னும் சுவர்ப்பக்கமே தள்ளினால் கூட்டலை நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் உடனே அனுமதியுங்கள். நிரலில் நான்கு வரிதான்.

படி 8: டிஏசியின் படிக்கட்டு

சரியான திருத்தம் 31,234.37 என்று கணக்கு சொன்னால் டிஏசி 31,234 என்றுதான் போடும். மீதி 0.37 படியால் நேரம் மெல்ல நகரும், பிழை ஏறும், அடுத்த படிக்குத் தாவும், திரும்ப இறங்கும். முடிவே இல்லாத சிறு ஊசல். மருந்து: அந்த 0.37-ஐ எறியாமல் அடுத்த வினாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். நூறு வினாடியில் 37 தடவை 31,235 என்றும் மீதி நேரம் 31,234 என்றும் தானாகவே விழும்.

டிஏசிக்கான ஆதார வோல்ட்டை எங்கிருந்தோ எடுக்காதீர்கள். பல ஓசிஎக்ஸ்ஓக்களில் ஆதார வோல்ட் தரும் கால் ஒன்று உண்டு. அடுப்புக்குள்ளேயே உருவாவதால் அது அறையின் சூட்டுக்கு அசையாது.

படி 9: செயற்கைக்கோள் இல்லாத நேரம்

பூட்டு போனதும் கடைசி வினாடியின் டிஏசி எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அதில் அலையின் நடுக்கம் இருக்கும். கடைசி ஒரு மணி நேரச் சராசரியை எடுங்கள். ஒரு வார டிஏசி வரைபடத்தின் சாய்வுதான் கிரிஸ்டலின் முதுமை. அந்தச் சாய்விலேயே டிஏசியை நகர்த்திக்கொண்டு போகலாம்.

சாய்வைத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? நாளுக்கு 10⁻¹⁰ நகரும் ஆசிலேட்டர், தொடக்கத்தில் துல்லியமாக இருந்தாலும் ஒரு நாளில் 4.3 மைக்ரோவினாடி விலகும். 1.5 மைக்ரோவினாடி எல்லையைச் சுமார் 14 மணி நேரத்தில் தாண்டிவிடும். தொடக்கத்திலேயே 2×10⁻¹¹ பிசகு இருந்தால் அந்த 14 மணி நேரத்தில் அதன் பங்கு மட்டும் 1 மைக்ரோவினாடி. கரண்ட் போனாலும் அடுப்பு அணையாமல் இருக்க 12 வோல்ட் பேட்டரி கட்டாயம். அடுப்பு அணைந்தால் 3-ஆம் படியிலிருந்து ஆரம்பம்.

ஜிபிஎஸ் திரும்பி வரும்போது பிழை 5 மைக்ரோவினாடி இருக்கிறது என்று வையுங்கள். முழு வேகத்தில் ஒரு பக்கம், தாண்டியதும் முழு வேகத்தில் மறுபக்கம் என்று இழுக்கும் முறையைப் புத்தகங்கள் விரும்பும். காகிதத்தில் அதுதான் வேகமானது. நிஜத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அது நடுங்கிக்கொண்டே நிற்கும், அந்த நடுக்கம் முழுதும் உங்கள் 10 மெகாஹெர்ட்ஸில் தெரியும். படகைத் துறையில் அணைப்பது போலச் செய்யுங்கள்: தூரத்தில் 10⁻⁹ என்ற நிலையான வேகம், கிட்டே வந்ததும் மிச்சத் தூரத்துக்கு ஏற்பக் குறையும் வேகம். 5 மைக்ரோவினாடியின் பெரும்பகுதியை ஒன்றரை மணி நேரத்துக்குள் கரைத்துவிடலாம். நேரம்தான் முக்கியம் என்பவர்கள் காத்திருக்காமல் எண்ணியைத் தாவவிடலாம். இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்க நிரலில் ஒரு சுவிட்ச் வையுங்கள்.

சரிபார்ப்பது

திரையில் 5 நானோவினாடி என்று காட்டினால் உங்கள் கடிகாரம் 5-க்குள் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அது ஜிபிஎஸ்ஸுக்கும் ஆசிலேட்டருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். இரண்டும் சேர்ந்து தவறினால் திரைக்குத் தெரியாது. ஒரே மாதிரி இரண்டு கட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கடிகாரம் எவ்வளவு நிலையாக ஓடுகிறது என்று காட்டும் ஆலன் விலகல் போட்டுப் பாருங்கள். இரண்டும் சமம் என்று கொண்டால், கிடைத்ததை 1.41-ஆல் வகுத்தால் ஒன்றின் பங்கு. இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா வைத்தால் ஆன்டெனாவின் தவறு இரண்டிலும் ஒன்றாக வந்து மறைந்துவிடும், அதனால் ஒருமுறை தனித்தனி ஆன்டெனா வைத்தும் பாருங்கள்.

தினமும் பார்க்க வேண்டியது டிஏசி வரைபடத்தைத்தான். ஜன்னல் திறந்தது, கரண்ட் போனது, மழை பெய்தது எல்லாம் அதில் பதிவாகி இருக்கும். மேலே சொன்ன கணக்குகள் டிஏசியின் முழு வீச்சுக்கானவை; படியைச் சிறிதாக்க ரெசிஸ்டர் போட்டு இப்போது என் டிஏசியின் வீச்சைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியிருக்கிறேன். நாளுக்கு 5×10⁻¹¹ நகர்ந்தால் நடுவிலிருந்து சுவரைத் தொட இரண்டு வருடம் சொச்சம். அதனால் எண் 60,000-ஐத் தாண்டினாலோ 5,000-க்குக் கீழே இறங்கினாலோ விளக்கு எரியும்படி வைத்திருக்கிறேன். விளக்கு எரிந்தால் ஓசிஎக்ஸ்ஓவின் மேல்பக்கம் சின்னத் திருகாணியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ட்ரிம்மரை அரைக்கால் சுற்றைவிடக் குறைவாகத் திருப்ப வேண்டும். திருகாணியை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள், இங்கே உப்புக்காற்றுக்கு அந்த ஓட்டை போதும்.